காலை 5 மணிப் பயிற்சியும் உடற்கடிகாரமும்

குளக்கட்டு: "காலை 5 மணிக்கு மைதானத்துக்கு வராதவன் விளையாட்டு வீரனே அல்ல" என்று நம் கரப்பந்தாட்டக் கழகப் பயிற்றுநர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இரவு பகலுக்கேற்ப உடலை உள்ளிருந்து இயக்கும் உடற்கடிகாரத்தின்படி, உடலின் உள்வெப்பம் விடியலுக்குச் சற்று முன்னர்தான் மிகவும் தாழ்ந்திருக்கும். பிற்பகல் சாய்ந்து மாலையாகும்போதே உச்சத்துக்கு ஏறும், பெரும்பாலானோரின் தசை வலுவும் அதனோடு ஏறும். அந்த 5 மணிக்குப் பையன்களைத் துள்ளி அடிக்கச் சொல்வது எந்த நியாயம், அண்ணை?

பரந்தன் பயிற்றுநர்: தம்பி, சித்திரை மாதத்தில் மாலை 4 மணிக்கு எங்கள் மைதானத்து மணலில் வெறுங்காலுடன் நின்றிருக்கிறீரா? 20 ஆண்டுகளாக 5 மணிக்குத்தான் பயிற்றுகிறேன்.

குளக்கட்டு: நான் கேட்டது வெயிலைப் பற்றி அல்ல, 5 மணியைப் பற்றி. தை மாதத்தில் நம் பையன்கள் மூவர் வயற்பரணில் யானைக்குக் காவல் இருந்துவிட்டு, சேறு காயாத கால்களுடன் நேரே மைதானத்துக்கு வந்தார்கள். அவர்களுள் ஒருவன் தடுக்கத் துள்ளிக் கணுக்கால் பிசகி, வலைக்கம்பத்தைப் பிடித்தபடி இருந்துவிட்டான். அவனை "சோம்பேறி" என்று ஏசியவர் நீங்கள்; அதை நான் மறக்கவில்லை.

கடலோரத்தான்: முல்லைத்தீவில் நாங்கள் சாமத்தில் வள்ளம் இறக்குகிறோம், எவரும் விழுந்துவிடவில்லை. தொடர்ந்து காலையில் பழகுபவனுக்குக் காலையிலேயே வலு கூடும் என்பதும் ஆய்வில் கண்டதுதான்.

குளக்கட்டு: கூடும், ஆனால் இரவு உறங்கியவனுக்கு. நீங்கள் கரைக்கு வந்ததும் படுக்கிறீர்கள், எங்கள் பையன்கள் 8 மணிக்கு வேலைக்குப் போகிறார்கள். பழ ஈக்களை ஆராய்ந்து உடற்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஹால், ரொஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈக்குக்கூட இருக்கும் அந்தக் கடிகாரம் எங்கள் பையன்களுக்கு இல்லையா? போட்டிகள் யாவும் மாலையில் நடக்க, பயிற்சி மட்டும் ஏன் 5 மணிக்கு?

பரந்தன் பயிற்றுநர்: சென்ற ஆண்டு இறுதிப் போட்டியில் தோற்றது 5 மணியால் அல்ல, அணித் தலைவராயிருந்த நீர் அரை மணி நேரம் பிந்தி வந்ததால்.

குளக்கட்டு: நான் பிந்தியது பேருந்து வராததால் என்று அன்றே சொன்னேன். 5 மணிக்கு இன்னும் விடை வரவில்லை.

கடலோரத்தான்: மாலை இருட்டியபின் ஆடுவதென்றால் விளக்குக்கு யார் பணம் கட்டுவது?

பரந்தன் பயிற்றுநர்: மைதானம் நாளையும் 5 மணிக்குத்தான் திறக்கும்.

குளக்கட்டு: திறவுங்கள். காவலுக்குப் போன மூவரும் நாளை உறங்குவார்கள். மாலை 5 மணிக்கு நான் வலையுடன் வருவேன்.