எருமைக் கண்டு மூணு கிழமையில வெள்ளையாக் கழிஞ்சு சாகுது – பால்ல இருந்தா பூச்சி வருது?

வவுணதீவுப் பட்டி எழுதியது:
மட்டக்களப்பு படுவான்கரையில 14 எருமை வச்சிருக்கன். பால் தயிருக்குப் போகுது. இந்த மாரியில பிறந்த ஆறு கண்டில ரெண்டு போயிட்டுது. இருபது நாள் துள்ளித் திரிஞ்சதுகள், மறுகா வயிறு ஊதி, களிமண் நிறத்தில புளிச்ச நாத்தத்தோட கழிஞ்சு, எழும்ப ஏலாமப் போச்சு. செத்ததை அறுத்துப் பாத்தா குடல் நிறைய வெள்ளைப் பூச்சி, ஒரு சாண் நீளம். ரெண்டும் புல்லில வாயே வைக்கல்ல! தாய்மாருக்குப் பூச்சி மருந்து தவறாமக் குடுக்கிறன், சாணம் சோதிச்சும் முட்டை இல்லயாம். அப்ப எங்கால வந்தது? கண்டு போட்ட உடன வாற முதல் பாலை, கடும்புப்பாலை, நிப்பாட்டச் சொல்றாங்க. என்ட நாலு வயசு மகளும் பட்டிக்குள்ளதான் விளையாடுறா. கண்டுக்கு வாங்கிற மருந்தில துளி அவவுக்கும் குடு எண்டு அம்மா சொல்றா. மனசு கிடந்து அடிக்குது.

கிரான் ஓய்வு உத்தியோகத்தர்:
தம்பி, கடும்பை நிப்பாட்டாதீங்க. அது இல்லாட்டிக் கண்டு வேற நோயில சாகும்.

உங்கட சந்தேகம் சரிதான், பால்லதான் வருது. டொக்சோகாரா விட்டுலோரம் எண்ட உருளைப் புழு. பெரிய எருமை சேத்தோட முட்டையை விழுங்கினா, குஞ்சுப் புழு ஈரல், நுரையீரல் எண்டு உடம்புக்குள்ள போய்ப் படுத்திரும். குடல்ல வளராது. அதாலதான் தாயிட சாணத்தில முட்டை இல்ல. படுத்துக் கிடக்கிறதுக்கு நீங்க குடுக்கிற மருந்தும் எட்டாது. கண்டு போடுற நேரம் அது மடிக்கு இறங்கி, முதல் கிழமைப் பால்ல கண்டுக்குப் போகும்.

அதால கண்டு பிறந்ததில இருந்து நாள் எண்ணிக்கொள்ளுங்க. 10ஆம் நாளுக்கும் 16ஆம் நாளுக்கும் இடையில, கழிச்சல் தொடங்க முதலே, ஒவ்வொரு கண்டுக்கும் பைரன்டெல் எண்ட பூச்சி மருந்து குடுங்க. அந்த நேரம் பால்ல வர்றது அநேகமா முடிஞ்சிரும், குடல்ல இருக்கிறது முட்டை போடவும் தொடங்கியிராது. பிந்தினா பெரிய பூச்சி ஒண்டாச் செத்துக் குடலை அடைக்கவும் கூடும். கண்மதிப்பில குடுக்காம, கண்டைத் தராசில நிறுத்து, உங்கட மிருக வைத்தியரிட்ட அளவு கேளுங்க. கண்டு கட்டுற இடத்துச் சாணத்தை அன்றாடம் அள்ளுங்க. ஈர மண்ணில அந்த முட்டை மாதக்கணக்கில கிடக்கும்.

திருக்கோவில் மருத்துவமாது:
தங்கச்சிமாரும் வாசிப்பாங்க எண்டுதான் எழுதுறன். மாட்டு மருந்தைப் பிள்ளைக்குத் தொட்டும் வைக்காதீங்க, அளவு பிழைச்சா ஆபத்து. பிள்ளைக்கு உரிய பூச்சிக் குளிசை கிளினிக்கில இருக்கு.

எருமைப் பூச்சியை விட எனக்குப் பயம் பட்டியில நிக்கிற நாயிட பூச்சி. அதுவும் டொக்சோகாரா இனந்தான், குட்டிக்குத் தாயிட வயித்துக்குள்ளயே தொத்தும். மண்ணோட முட்டை பிள்ளை வாய்க்குப் போனா புழு குடல்ல நிக்காது, ஈரல், கண் எண்டு அலையும். அதால மலம் சோதிச்சாத் தெரியாது. விடாத காய்ச்சல், இருமல், ஒரு கண் மங்கல் எண்டா வைத்தியரிட்ட காட்டி, வீட்டில நாய் இருக்கெண்டு மறக்காமச் சொல்லுங்க, அவர் இரத்தம் சோதிப்பார். நாய்க்கும் குட்டிக்கும் பூச்சி மருந்து குடுங்க. பிள்ளைக்குச் செருப்பு, சோத்துக்கு முதல் சவர்க்காரம்.

வவுணதீவுப் பட்டி:
ரெண்டு பேருக்கும் கோடி புண்ணியம். பிந்திப் போட்ட கண்டை நெல் மூட்டைத் தராசில நிறுத்தன், 29 கிலோ. வைத்தியர் சொன்ன அளவை 12ஆம் நாள் குடுத்தாச்சு. இண்டைக்கு 26ஆம் நாள், சாணம் மஞ்சளா இறுகிக் கிடக்கு. மகளுக்குக் கிளினிக்கில குளிசை குடுத்தாங்க. அடுத்த எருமை தைப்பொங்கலுக்குள்ள போடும், கலண்டரில அடையாளம் வைக்கப் பேனையைச் சுவரிலேயே கட்டிட்டன்.