சார்கோபீனியா: ‘தசைத்தேய்மானம்’ வேண்டாம், ‘தசைக்குறைவு’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். முதுமையிலும் சில நோய்களாலும் தசை குறைந்துபோகும் ‘சார்கோபீனியா’ என்ற நிலைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இந்த இழையில் பேசி வருகிறோம். நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> மக்கள் ஏற்கெனவே ‘மூட்டுத் தேய்மானம்’ என்கிறார்கள். அதையொட்டி ‘தசைத்தேய்மானம்’ என்றால் யாருக்கும் உடனே புரியும்.

ஐயா, உடனே புரியும் என்பதுதான் என் கவலையே. புழங்கப் புழங்கத் தேய்வது செருப்பு, அம்மி, வண்டிச் சக்கரம். ‘தேய்மானம்’ என்று காதில் விழுந்ததும் பெரியவர்கள் செய்யும் முதல் காரியம் புழக்கத்தைக் குறைப்பதுதான். மாடிப்படி ஏறுவதை நிறுத்துவார்கள், வாளியைத் தூக்க மாட்டார்கள், வீட்டாரும் “உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்” என்பார்கள். தசை நேர் எதிரானது. வேலை கொடுக்காவிட்டால்தான் அது வேகமாகக் கரைகிறது. நோயாளியைத் தவறான பக்கம் தள்ளிவிடும் சொல், எவ்வளவு எளிமையாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

இன்னொருவர் தந்த ‘முதுமைத் தசைச்சிதைவு’ என்ற பரிந்துரையையும் ஏற்க முடியவில்லை. ‘தசைச்சிதைவு’ மஸ்குலர் டிஸ்ட்ராஃபிக்கு நிலைத்துவிட்டது. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகைப் படிவங்களிலேயே ‘தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டோர்’ என்று இருக்கிறது. அது மரபணு வழி வரும் வேறொரு நோய். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மருந்துச்சீட்டு படிப்பவர் குழம்பிப்போவார்.

மூலத்தைப் பார்ப்போம். 1988-இல் அமெரிக்காவின் ஆல்புகெர்க்கியில் நடந்த ஒரு கூட்டத்தில், முதுமையில் தசை குறைவதற்கு ஒரு பெயரே இல்லை, பெயர் வைத்தால்தான் ஆராய்ச்சி நடக்கும் என்று சொல்லி ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் கிரேக்கத்திலிருந்து உருவாக்கிய சொல்தான் சார்கோபீனியா. சார்க்ஸ் என்றால் ஊன், பீனியா என்றால் இல்லாமை அல்லது குறைவு. அமெரிக்க நோய்ப்பட்டியலில் அதற்குத் தனிக் குறியீடு கிடைக்க 2016 ஆகிவிட்டது. சொல்லில் முதுமை என்பதே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதுவும் நல்லதாயிற்று. நெடுநாள் படுக்கை, புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றாலும் இந்நிலை வருகிறது. தேவைப்படும் இடத்தில் ‘மூப்புவழித் தசைக்குறைவு’, ‘நோய்வழித் தசைக்குறைவு’ என்று அடை சேர்த்துக்கொள்ளலாம்.

‘குறைபாடு’ என்று ஏன் சொல்லக்கூடாது என்று ஒருவர் கேட்டிருந்தார். வைட்டமின் குறைபாடு, இரும்புச்சத்துக் குறைபாடு என்று பழகிய காதுக்குத் ‘தசைக்குறைபாடு’ என்றதும் டானிக்கும் சத்துமாவும்தான் நினைவுக்கு வரும். மரியா ஃபியாடரோனும் உடனாய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த 100 பேர், சராசரி வயது 87. சிலருக்குப் பளுப் பயிற்சி, சிலருக்குச் சத்துப்பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. 10 வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் தசைவலு இரு மடங்குக்கு மேல் ஏறியது. நடைவேகமும் படியேறும் திறனும் கூடின. சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு ஏறவில்லை. சாப்பாடு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. பருப்பும் முட்டையும் பாலும் வேண்டும்தான். ஆனால் பெயரே பாட்டிலைக் கைகாட்டக் கூடாது. ஆகவே ‘குறைவு’.

இனி, நாம் இதுவரை தொடாத ஒன்று. அதே ஃபியாடரோன் குழு 1990-இல் 90 வயதை ஒட்டிய 10 பேரை வைத்து 8 வாரம் பயிற்சி நடத்தியது. கால்தசையின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத்தசையின் பரப்போ 9 சதவீதம்தான் கூடியது. வலு இத்தனை ஏறியதற்குத் தசை பருத்தது மட்டும் காரணம் இல்லை. தூங்கிக்கிடந்த தசையிழைகளை நரம்பு மறுபடி வேலைக்கு அழைக்கிறது. ஆக, தசையின் அளவு ஒன்று, வலு வேறொன்று. 2008-இல் கிளார்க், மனினி என்ற ஆய்வாளர்கள் வலு குறைவதற்கு மட்டும் ‘டைனபீனியா’ என்று தனிச்சொல் படைத்ததும் இதனால்தான். சார்கோபீனியாவுக்கான ஐரோப்பிய வல்லுநர் குழு 2018-இல் தன் வரையறையைத் திருத்தி வலுவை முன்னால் கொண்டுவந்தது. எனவே ஒன்றல்ல, இரண்டு சொல் வேண்டும்:

சார்கோபீனியா – தசைக்குறைவு
டைனபீனியா – வலுக்குறைவு

வலுக்குறைவு நாற்காலியிலேயே தெரிந்துவிடும். என் அம்மாவுக்கு 86 வயது. இயன்முறை மருத்துவர் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, “கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கிட்டு எந்திரிங்கம்மா” என்றார். அம்மா பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் குனிந்து, பாதி எழுந்து, தொடை வெடவெடக்க மறுபடி உட்கார்ந்தார். ஆசிய வல்லுநர் குழுவின் 2019 வரையறைப்படி, ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். அம்மாவிடம் ‘தசைக்குறைவு’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. ‘வலு குறைஞ்சிருக்கு’ என்றதற்கு “ஆமாய்யா, காலுல வலுவே இல்ல” என்று அவரே முடித்துவிட்டார்.

மசில் மாஸுக்குச் சொல்லப்படும் ‘தசைநிறை’ பற்றி: தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது மாஸ். இலங்கையில் நிறை என்றால் எடை. மாஸுக்கு அங்கே திணிவு. ‘தசையளவு’ என்றால் இரு கரையிலும் சிக்கல் இல்லை.

கனத்துக்கு எதிராகத் தசைக்கு வேலை கொடுக்கும் ரெசிஸ்டன்ஸ் டிரெய்னிங்குக்கு ‘எதிர்ப்புப் பயிற்சி’ என்று மொழிபெயர்ப்புகளில் பார்க்கிறேன். ‘நோய் எதிர்ப்பு’ நம் செய்தித்தாள்களில் நிறைந்திருக்கும்போது, படிப்பவர் இதைக் கிருமியோடு முடிச்சுப் போடுவார். பளுதூக்குதல் இருக்கவே இருக்கிறது. ‘பளுப்பயிற்சி’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். இந்த ஆய்வுகளில் பலன் தந்தது ஒரே கனத்தை மாதக்கணக்கில் தூக்கியதல்ல. ஒருவர் ஒரே முறை தூக்கக்கூடிய உச்சத்தில் 80 சதவீதம் வரை கொடுத்து, வலு கூடக் கூடப் பளுவையும் கூட்டினார்கள். இதற்கு ‘ஏறுபளுப் பயிற்சி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஏறுவரிசை, ஏறுமுகம் போல வினைத்தொகை. பளு ஏற வேண்டும் என்ற விதியும் பெயருக்குள்ளேயே இருக்கிறது. வயதானவர் என்று அரைக்கிலோ மணல்பையைக் காலில் கட்டிவிட்டு ஆண்டு முழுக்க அதையே ஆட்டச் சொல்லும் பழக்கத்தைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். அதற்காக எல்லோருக்கும் பஞ்சு கனம் போதும் என்றாகிவிடாது.

1990 ஆய்வில் பயிற்சியை நிறுத்திய 4 வாரத்தில் வலு 32 சதவீதம் இறங்கியது. இந்த இறக்கத்துக்கு டீட்ரெய்னிங் என்கிறார்கள். ‘பயிற்சியிழப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் நல்லது கிடைத்தால் மாற்றிவிடலாம்.

இலங்கை நண்பர்கள் ஒன்று சொல்ல வேண்டும். கிரேனைப் பாரந்தூக்கி என்று வழங்கும் உங்களுக்கு ‘ஏறுபளு’ இயல்பாக ஒலிக்கிறதா, ‘ஏறுபாரம்’ என்றால்தான் சரியா? முதுமையில் உடல் மொத்தமும் நலிந்துபோகும் ஃப்ரெயில்ட்டிக்கு வந்த ‘நொய்ம்மை’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தசைக்குறைவு அதன் ஒரு கூறு மட்டுமே என்பதால், அதைத் தனி இழையில் பேசுவோம்.

அன்புடன்.