இலங்கையில் தூக்குத் தண்டனையை எடுத்துவிடத்தான் வேண்டுமா?

கொக்குவிலான்:
புங்குடுதீவில் மாணவியைக் கெடுத்துக் கொன்ற வழக்கில் 2017இல் 7 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். ஒருவரையும் தூக்கில் போடவில்லை. இப்போது சட்டத்தையே எடுக்கச் சொல்கிறார்கள். என்ன நியாயம்?

பழைய முதலியார்:
தம்பி, நான் கொழும்புக் கோட்டில் மொழிபெயர்ப்பாளராக நின்றவன். மரணத் தீர்ப்பென்றால் லைட்டை அணைப்பார்கள், காத்தாடியும் நிற்கும், எல்லோரும் எழும்ப வேண்டும். ஒருநாள் அந்த இருட்டில் கூண்டில் நின்ற பெடியன் என்னைப் பார்த்து, "ஐயா, என்ன சொன்னவர்?" என்றான். தீர்ப்பு சிங்களத்தில். சொல்ல வேண்டியவன் நான். நாக்கு எழும்பவில்லை.

1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உயர் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சி. தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைத்தவர்கள் எத்தனை பேர்! மறியலில் இருப்பவனைப் பிழை தெரிந்தால் வெளியே விடலாம். தூக்கினவனை?

மீசாலை அக்கா:
அது சரி ஐயா. மிருசுவிலில் 8 பேரைக் கொன்ற இராணுவத்தானுக்கு 2015இல் மரண தண்டனை. 2020இல் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். தூக்கையும் எடுத்தால் எங்களுக்கு என்ன மிச்சம்?

பழைய முதலியார்:
பிள்ளை, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் தூக்குச் சட்டம் இருக்கத்தானே அவர் வெளியே வந்தார்? கடைசியாகத் தூக்கிலிட்டது 1976இல். மன்னிப்பு அதிகாரத்துக்குக் கடிவாளம் கேளுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன்.

கொக்குவிலான்:
ஐயா, அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது?

பழைய முதலியார்:
அப்பீலில் விடுதலை. 6 வருடம் கழித்து.