பெத்தகான ஈரநிலப் பூங்காவும் இரணைமடுக் குளக்கட்டும்: எது பொதுவிடம்?

மருதநிழல் (கிளிநொச்சி):
கடவுச்சீட்டு அலுவலாகப் பத்தரமுல்லைக்குப் போகும் நம்மவர்கள், வேலை முடிந்ததும் நேரே கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு வந்து இரவு ரயிலுக்காகக் காத்துக் கிடப்பதே வழக்கம். இம்முறை எனக்கு அரை நாள் மிஞ்சியதால், முச்சக்கரவண்டிக்காரர் ஒருவரின் சொல்லைக் கேட்டுப் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனேன். பாராளுமன்றத்துக்கு அண்மையில், வீடுகள் நெருங்கி நிற்கும் கோட்டே நகருக்குள், ஏறத்தாழ 18 ஹெக்டேயர் சதுப்பு அப்படியே விடப்பட்டிருக்கிறது; அதன் மேலே பலகை நடைபாதையும், பறவை பார்ப்பதற்கான மறைவிடங்களும் அமைத்து 2016இல் திறந்திருக்கிறார்கள். 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்த பிறகுதான், சதுப்பை நிரப்பினால் நகரம் நீரில் நிற்கும் என்பது அங்கே பலருக்கு உறைத்தது. 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சரின் கீழ், ராம்சர் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் கொழும்புக்குக் கிடைத்தது. (14ஆம் நூற்றாண்டில் அழகக்கோனார் யாழ்ப்பாண அரசின் படையைத் தடுக்கக் கோட்டேயைக் கட்டியபோது, இதே சதுப்புகள்தாம் அதற்கு அரண். இன்று நுழைவுச்சீட்டு எடுத்தால் நம்மையும் உள்ளே விடுகிறார்கள்.)

நம் கிளிநொச்சியின் இரணைமடுக் குளக்கட்டின் ஒரு பகுதியையும் இவ்வாறு ஒழுங்குபடுத்தி, சிறு கட்டணம் அறவிட்டு, வாகனமின்றி நடக்கும் இடமாக்கலாம் என்பது என் கருத்து. ஏன் கூடாது?

வாய்க்கால்காரன் (முரசுமோட்டை):
கூடாது, பிள்ளை. பூங்காவைப் பார்த்து வந்த மகிழ்ச்சி உங்களுக்கு இருக்கட்டும். ஆனால் கொழும்பு தன் சதுப்பில் பெரும்பகுதியை நிரப்பிக் கட்டடம் எழுப்பிவிட்டு, எஞ்சிய துண்டுக்கு வேலி போட்டுச் சீட்டு விற்கிறது. நாங்கள் எதையும் இழக்காமலே ஏன் அந்த வழியில் போக வேண்டும்? குளக்கட்டில் இன்று மாடு மேய்ப்பவரும் போகிறார், வலைக்காரரும் போகிறார், கனகாம்பிகை அம்மனைக் கும்பிட வருபவரும் போகிறார். மாரியில் வான்கதவு திறந்தால் ஊரே கூடுகிறது. எவரும் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. கட்டணம் வைத்தால் கதவு வரும். கதவு வந்தால், யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்க ஒருவர் வந்து அமர்வார். கனகராயன் ஆறு போய்ச் சேரும் சுண்டிக்குளத்தைப் பாருங்கள். 1938இல் பறவைகள் சரணாலயமாக இருந்த இடம் 2015இல் தேசியப் பூங்காவானது. எல்லைக் கல் நட்ட பிறகு தங்களுக்கு என்ன மிஞ்சியது என்று அங்கே கடற்றொழில் செய்வோரைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பூங்கா பற்றிப் பேசுவோம்.

பூந்தோட்டத்தான் (வவுனியா):
பொதுவிடத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால், அக்கா, பெத்தகானவை விடக் காலிமுகத்திடலைக் காட்டியிருக்கலாம். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் முடித்த அந்த நடைபாதைக்கு இன்றுவரை கதவுமில்லை, சீட்டுமில்லை. 2022இல் மாதக்கணக்காக மக்கள் அங்கே கூடாரமடித்து ஆட்சியை எதிர்த்தார்கள். அவ்வாண்டு மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் இறந்தோரை நினைந்து அதே திடலில் கஞ்சி வழங்கப்பட்டது. சீட்டு விற்கும் இடத்தில் அது நடந்திருக்குமா?

மருதநிழல் (கிளிநொச்சி):
தம்பி, காலிமுகத்திடலில் இருக்கும் கல்வெட்டை வாசித்திருக்கிறீர்களா? கொழும்பின் பெண்கள், சிறுவர்களின் நலனுக்காக அந்த நடைபாதையைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரை வார்ட் கேட்டுக்கொண்டதாக அதில் பொறித்திருக்கிறார்கள். இந்த விவாதத்தில் அந்த இரு சாராரையும் பற்றி எவருமே இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

ஐயா சொல்லும் குளக்கட்டில் எவரும் அனுமதி கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் மாலை ஆறு மணிக்குப் பின் அங்கே எந்தப் பெண் தனியாக நடக்கிறாள்? கட்டோரத்தில் குந்தியிருந்து குடிப்பவர்களுக்கும் அனுமதி தேவைப்படுவதில்லை. பெத்தகானவில் நான் அறிமுகமற்ற ஊரில், தனியாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒரு மறைவிடத்தில் இருந்து நீர்க்காகங்களைப் பார்த்தேன். ஒருவரும் வந்து யார், எவர் என்று விசாரிக்கவில்லை. அந்த நிம்மதியை எனக்குத் தந்தது நீங்கள் வெறுக்கும் அதே கதவும் காவலாளியுந்தான். எல்லோருக்கும் திறந்திருக்கும் இடம் எல்லோருக்கும் உரிய இடமாகிவிடாது, ஐயா.

வாய்க்கால்காரன் (முரசுமோட்டை):
குடிகாரரைப் பற்றிச் சொன்னது சரி. அதற்கு வேண்டியது விளக்கும் காவலும். சீட்டு எதற்கு? நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. இரணைமடு மண்ணாலான அணைக்கட்டு. அதில் தூண் நடக் குழி தோண்டுவதும், நிழலுக்கென்று மரம் வைத்து வேரை உள்ளே விடுவதும் நீர்க்கசிவுக்கு வழி திறக்கும். 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். அப்படியொரு இரவில் கட்டின் மேல் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வாகனம் தடையின்றி ஓட வேண்டும்.

மருதநிழல் (கிளிநொச்சி):
அப்படியானால் கட்டின் மேல் வேண்டாம். கோயில் பக்கமாகக் கட்டுக்குக் கீழே அமைக்கலாம். ஆனால் விளக்குக்கும் காவலுக்கும் மாதாமாதம் காசு எங்கிருந்து வரும்?

வாய்க்கால்காரன் (முரசுமோட்டை):
பிரதேச சபைக்கு வரி கட்டுகிறோமே, அதிலிருந்து வரட்டும். கட்டுக்குக் கீழே என்றால், எந்த வாய்க்காலையும் மறிக்காத இடமாகப் பார்த்து வரைந்துகொண்டு, விவசாயிகள் கூடும் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு வாருங்கள். பேச உங்களுக்கு நேரம் வாங்கித் தருவேன். சீட்டு என்று ஒரு சொல் அதில் இருந்தால் எழுந்து எதிர்ப்பவனும் நானாகத்தான் இருப்பேன்.