குவாரண்டைன் (கடற்படை வழக்கு): ‘கடல் மறிப்பு’ எனலாமா?

வணக்கம்.

1962 கியூபா ஏவுகணை நெருக்கடி (கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் மூண்ட மோதல்) பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கியூபாவுக்குப் போகும் கப்பல்களை அமெரிக்கக் கடற்படை மறித்ததற்கு வைத்த பெயரான குவாரண்டைன் என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். ‘கடல் முற்றுகை என்றே போடுங்கள், புரியும்’ என்றார் நண்பர் ஒருவர். புரியும்தான். ஆனால் அப்படிப் போட்டால் அன்றைய சண்டை எதைப் பற்றியது என்பதே மறைந்துபோகிறது.

முற்றுகை என்றால் பிளாக்கேட். சர்வதேசச் சட்டப்படி போர்ச் செயல். அதனால்தான் அமெரிக்க அதிபர் கென்னடி அக்டோபர் 22 உரையில் குவாரண்டைன் என்றார். தாக்குதல் ஆயுதங்களுக்கு மட்டுமே தடை, உணவுக்கு இல்லை. பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாராவுக்கு அது சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கு அனுப்பும் ஒரு செய்தி. கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் ஜார்ஜ் ஆண்டர்சனுக்கோ, கடற்படை காலங்காலமாகச் செய்துவரும் வேலை. பென்டகனில் கப்பல் நகர்வுகளைக் குறிக்கும் அறைக்கே மெக்நமாரா போய், சோவியத் கப்பலை எப்படி நிறுத்துவீர்கள், ரஷ்ய மொழி தெரிந்தவர் இருக்கிறாரா என்று துருவியிருக்கிறார். ஆண்டர்சன் கடற்படைக் கையேட்டைக் காட்டினார் என்பார்கள். யார் என்ன சொன்னார் என்பதில் விவரங்கள் ஒத்துப்போகவில்லை. மோதல் நடந்தது உறுதி. 1963இல் ஆண்டர்சனுக்குப் பதவி நீட்டிப்பு கிடைக்கவில்லை, போர்ச்சுகலுக்குத் தூதராகப் போனார்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘தனிமைப்படுத்தல்’ கொரோனாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வெனிசில் கப்பல்களை நாற்பது நாள் கரைக்கு வெளியே நிறுத்தியதில் பிறந்த சொல் குவாரண்டைன், ஆனாலும் தமிழில் அந்தக் கப்பல் வாசனை வரவில்லை. ‘மறியல்’ அழகான சொல். ஆனால் தமிழ்நாட்டில் அது சாலை மறியல், இலங்கையில் சிறை, விளக்கமறியல் என்கிறார்களே.

மிஞ்சுவது ‘மறிப்பு’. வழிமறிப்பதில் நிறுத்துவதும் உண்டு, பார்த்துவிட்டு விடுவதும் உண்டு. அக்டோபர் 26இல் லெபனான் கொடி பறந்த மாருக்லா கப்பலை அப்படித்தான் மறித்து, ஏறிச் சோதித்து, போகவிட்டார்கள். ‘முற்றுகையிட்டுப் போகவிட்டார்கள்’ என்று எழுதவே முடியாது. கப்பல்களை மறிக்கும் எல்லையை ‘மறிப்புக் கோடு’ என்று நீட்டவும் வசதி. ஒரே குறை, மருத்துவச் சொல்லுக்குள்ள மென்மை இதில் இல்லை. கென்னடிக்கு அந்த மென்மையும் தேவைப்பட்டது. அதை எப்படிக் கொண்டுவருவது என்று எனக்குப் பிடிபடவில்லை, யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

இப்போதைக்கு மெக்நமாரா பேசும் இடத்தில் மறிப்பு, ஆண்டர்சன் பேசும் இடத்தில் முற்றுகை என்று வைத்திருக்கிறேன். இலங்கை நண்பர்களே, ‘மறிப்பு’ உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது?