மதகடிச் சேட்டை: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ

கொக்குவிலாள்:
எங்கட ஒழுங்கை முகப்பு மதகைப் பற்றி விளக்கம் தேவையில்லை, எல்லா ஊரிலயும் ஒண்டு கிடக்கு. ரியூட்டரி விடுற நேரம் பாத்து ரெண்டு மோட்டச்சைக்கிளும் நாலஞ்சு பெடியளும் அதில வந்து குந்திவிடுவினம். போன சனிக்கிழமை விடியப்புறம் ஏ.எல் படிக்கிற பிள்ளையள் சோக்கட்டியோட வந்து, அந்த மதகில இருந்து தங்களுக்குச் சொன்னதெல்லாத்தையும் தார் றோட்டில எழுத்துப் பிசகாமல் எழுதிப்போட்டுப் போட்டாளவை. பேர் ஒண்டும் இல்லை. கீழ வகுப்பு மட்டும்: 'இது ஓ.எல் பிள்ளைக்குச் சொன்னது', 'இது எட்டாம் வகுப்பு'. நியூயோர்க்கில 2016 இல ஒரு மாணவி இப்பிடித் தொடங்கி, இப்ப கன நாடுகளில செய்யினமாம். ஃபோனில பாத்துத்தான் செய்திருக்கிறாளவை.

நான் சொல்ல வந்தது அதுக்குப் பிறகு நடந்தது. எங்கட பென்சன் வாத்தியார் ஐயா சந்தையால சைக்கிளில வந்தவர். அவருக்கு எதையும் சத்தமா வாசிச்சால்தான் வாசிச்ச மாதிரி, வாசிகசாலையில பேப்பரும் அப்பிடித்தான். ஒரு காலை ஊண்டிக்கொண்டு, கண்ணாடியைச் சாரத்தில துடைச்சுப்போட்டு, முதல் வரியில தொடங்கினார். என்ன கண்றாவி எண்டு விளங்க முதலே பாதி வரி வாயால வந்திட்டுது, அதுவும் அவற்ற மேடைக் குரலில. மதகில இருந்த பெடியன் ஒருத்தன் அவரிட்டப் படிச்சவன். "சேர், வேண்டாம் சேர், வாசிக்காதேங்கோ சேர்" எண்டான். ஐயா நிமிந்து பாத்தார். "ஏன் தம்பி, இன்னும் கிடக்குதே" எண்டுபோட்டு அடுத்த வரிக்குப் போனார். அவர் முடிக்க முதல் மதகு காலி.

பின்னேரம் முன்வீட்டு அன்ரி ஹோஸ் பிடிச்சுக் கழுவிப்போட்டா. "என்ர படலைக்கு முன்னால தூசணம் எழுதிக் கிடக்கிறதோ?" எண்டு கேட்டா. அதே தூசணம் அதே படலைக்கு முன்னால வரியக்கணக்கா வாயால போய்க்கொண்டிருந்தது. அதுக்கு ஒரு நாளும் அவ வெளியில வந்ததில்லை. எனக்கு இது அடங்குதே இல்லை.

பருத்தித்துறைப் பஸ்:
அன்ரியை விடுங்கோ, அவ எல்லா ஒழுங்கையிலயும் இருக்கிறா. என்ர கதை யாழ்ப்பாணம்-பருத்தித்துறை 750 பஸ்சில நடந்தது. மினிபஸ்சில பின்னேரம் எப்பிடி அடைவாங்கள் எண்டு தெரியும்தானே. எனக்குப் பின்னால நிண்டவர் அப்பா வயசு, நெத்தியில திருநீறு. பஸ் குலுங்காத இடத்திலயும் அவர் குலுங்கினார். நான் "தள்ளி நில்லுங்கோ" எண்டன். கொண்டக்ரர் எட்டிப் பாத்திட்டு, "தங்கச்சி, நீங்கள் கொஞ்சம் முன்னுக்குப் போங்கோ" எண்டார். அவரை இல்லை, என்னை!

பக்கத்தில மீன் வித்துப்போட்டு வெறுங்கடகத்தோட வந்துகொண்டிருந்த அம்மா ஒராள் நிண்டவ. (கடகத்தோட ஏற விட்டதே பெரிய விசயம், சில பஸ்சில நாறுது எண்டு ஏத்தமாட்டாங்கள்.) அவ என்னைப் பாக்கக்கூட இல்லை. அந்தாளின்ர நெஞ்சுக்கு நேர கடகத்தை நீட்டி, "அண்ணை, உங்கட கை சும்மாதானே இருக்கு, இதை ஒருக்காப் பிடியுங்கோ, எனக்குக் கை உளையுது" எண்டா. பஸ் முழுக்கத் திரும்பிப் பாத்திட்டுது. அந்தாளுக்கு மாட்டன் எண்டு சொல்ல வழியில்லை. நீர்வேலியில அவவிட்டக் கையில வாங்கின கடகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சபடி, மீன் தண்ணி வேட்டியில சொட்டச் சொட்ட, வல்லை வெளி தாண்டி நெல்லியடி மட்டும் வந்தார். இறங்கேக்க அந்த அம்மா "பெரிய உபகாரம் அண்ணை" எண்டு வாங்கிக்கொண்டு போனா. நான் அவவுக்கு ஒரு நன்றி சொல்ல முதல் சனத்துக்குள்ள மறைஞ்சிட்டா.

உள்ளதைச் சொல்வேன்:
எனக்கும் ஒரு அனுபவம். என்ர மகளுக்குப் பின்னால ஒரு பெடியன் வந்தவன், நான் போய்க் கதைச்சன், நிண்டிட்டுது. இனி எல்லாருக்கும் பிரயோசனமானதைச் சொல்லுறன். கடகம் குடுக்கிறதும் சோக்கால எழுதுறதும் கேக்க நல்லா இருக்கும், ஆனால் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 345 ஆம் பிரிவு, 1995 இல திருத்தினது. சொல்லாலயோ செயலாலயோ பாலியல் தொந்தரவு செய்தால் அஞ்சு வரியம் வரைக்கும் மறியல், அல்லது தண்டம், அல்லது ரெண்டும். பாதிக்கப்பட்டவைக்கு நட்டஈடும் குடுக்கச் சொல்லலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அவசரம் எண்டால் 119. பிரதேச செயலகத்தில பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் எண்டு ஒராள் இருக்கிறா, போய்க் கதையுங்கோ. மோட்டச்சைக்கிள் நம்பர், இடம், நேரம் மூண்டையும் அண்டைக்கே எழுதி வையுங்கோ, பிறகு எழுதினால் குழம்பும். பஸ்சில எண்டால் ரிக்கெற்றை எறியாதேங்கோ. றோட்டில எழுதினால் பிரதேச சபை பிரச்சினை தரலாம். அதைவிடப் பிள்ளையள் தனியப் போகாமல் கூட்டமாப் போகலாம், ஆறு மணிக்குப் பிறகு வகுப்பு வைக்க வேண்டாம் எண்டு பெற்றோர் ரியூட்டரிக்குச் சொல்லலாம், உடுப்பும் கொஞ்சம் பாத்து...

கலட்டிப் பிள்ளை:
அங்கிள், 'உடுப்பும் கொஞ்சம் பாத்து' எண்டதில நிப்பாட்டினது நல்லது. எனக்கு நடந்தண்டு நான் போட்டிருந்தது பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, ரை, ரெட்டைப் பின்னல். நாங்கள் கூட்டமாத்தான் சைக்கிளில வந்தனாங்கள். பின்னால வந்த மோட்டச்சைக்கிளில இருந்தவன் முதுகில ஓங்கி ஒரு தட்டுத் தட்டிப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு போனான். செயின் கிறீஸ் பிடிச்ச கை. வீட்ட வந்து கழட்டிப் பாத்தால் அஞ்சு விரலும் தெளிவாச் சட்டையில. அம்மா ஒண்டும் கேக்கேல்லை. தேசிக்காயும் சண்லைற்றும் போட்டுத் தேய்ச்சா, தேய்ச்சுக்கொண்டே "அப்பாவுக்குச் சொல்லாத, ரியூசனை நிப்பாட்டிப் போடுவார்" எண்டா. விரல் அடையாளம் முழுசாப் போகேல்லை. அந்த வரியம் முடியும் மட்டும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனன், பின்னல் ரெண்டையும் முதுகில விட்டு மறைச்சு.

பெங்களூரில ஜஸ்மீன் பதேஜா 2003 இல தொடங்கின பிளாங்க் நோய்ஸ் எண்ட அமைப்பு, சேட்டை நடந்தண்டு பெண்கள் போட்டிருந்த உடுப்புகளைச் சேர்த்துக் காட்சிக்கு வைக்குது. யாழ்ப்பாணத்தில அப்பிடி வைச்சால் முக்கால்வாசி வெள்ளைச் சட்டைதான் தொங்கும்.

இன்னொண்டு. 345 ஐ நீங்கள் சொல்லித்தான் தெரியவேணும் எண்டில்லை. 2015 இல ஐ.நா. சனத்தொகை நிதியம் நாடு முழுக்கச் செய்த ஆய்வில, பஸ், ரெயினில பாலியல் சேட்டைக்கு ஆளான பெண்கள் 90 வீதம். பொலிஸிட்ட உதவிக்குப் போனது 4 வீதம். முறைப்பாட்டைச் சிங்களத்தில எழுதி, கீழ கையெழுத்து வை எண்டு நீட்டினால் எந்தப் பிள்ளை போகும்? வகுப்பை ஆறு மணியோட நிப்பாட்டினால் நட்டம் ஆருக்கு? மதகில இருக்கிறவனுக்கோ? அவனை ஆறு மணிக்கு வீட்ட போகச் சொல்லி ஒருத்தரும் கூட்டம் வைக்கக் காணேல்லை.

தீவாள்:
கூட்டம் எண்ட உடன ஞாபகம் வருது. 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவியின்ர பாலியல் வன்புணர்வு, கொலைக்குப் பிறகு யாழ்ப்பாணமே இழுத்துப் பூட்டினது எல்லாருக்கும் தெரியும். 2017 செப்டெம்பரில ஏழு பேருக்கு மரணதண்டனைத் தீர்ப்பும் வந்தது. நானும் ஊர்வலத்தில போனனான். எனக்கு முன்னால பதாகை பிடிச்சுக்கொண்டு போனவனை எனக்கு நல்லாத் தெரியும். அதுக்கு முதல் மாதம்தான் ஜெற்றியில வைச்சு என்ர தங்கச்சியின்ர சால்வையை இழுத்தவன். "பெண்களைப் பாதுகாப்போம்" எண்டு கத்திக் கத்திக் குரல் அடைச்சுப் போச்சு அவனுக்கு. பெரிசா நடந்தால்தான் எங்கட சனம் றோட்டுக்கு வரும்.

இப்ப இருக்கிற ஊரில மாதர் சங்கம் வேற மாதிரிச் செய்தது. பொலிஸுக்கும் போகேல்லை, எழுதவும் இல்லை. மாதக் கூட்டத்தை மண்டபத்தில வைக்காமல் பாயைக் கொண்டுபோய் மதகில விரிச்சுப்போட்டினம். தலைவி அக்கா சீட்டுக் காசு எண்ணினதும் அதிலதான். பெடியள் வந்து பாத்தாங்கள், இருக்க இடமில்லை. அவங்களில ஒருத்தன்ர தாய் பாயில இருந்துகொண்டே, "மோனே, வந்தனிதானே, அந்தச் சுளகை எடுத்துக் குடு" எண்டா. பிறகு கீரை ஆயிறதும் பீடி சுத்துறதும் அதிலயே. கொக்குவிலாள், சோக்கு மழையில போகும். பாயோட வந்த மனிசியளை ஹோஸ் பிடிச்சுக் கழுவேலாது.

மதகில இருந்தவன்:
நான் மதகில இருந்து வளந்தவன். எல்லாரும் அப்பிடியில்லை. வேலை இல்லாத பெடியனுக்கு வேற எங்க இடம்? விளையாட்டு மைதானம் பத்தை, வாசிகசாலை ஆறு மணிக்குப் பூட்டு. ஒருத்தன் வாய் விடுவான், மற்றவங்கள் சிரிப்பாங்கள், அவ்வளவுதான். நானும் சிரிச்சிருக்கிறன், ஆனால் ஒண்டும் சொன்னதில்லை.

கலட்டிப் பிள்ளை:
அண்ணா, அவன் சொல்லுறது எங்களுக்கில்லை, நீங்கள் சிரிக்கிறதுக்கு. அடுத்த முறை சிரியாமல் இருந்து பாருங்கோ, அவன் எத்தினை நாளைக்குச் சொல்லுறான் எண்டு.

உள்ளதைச் சொல்வேன்:
பிள்ளை, நான் நல்லதுக்குத்தான் சொன்னனான். 345 இல வாயால சொல்லுறதும் அடங்கும் எண்டதை இந்தத் தம்பியும் தெரிஞ்சு வைக்கிறது நல்லம்.

ரெட்டைப் பின்னல்:
அக்காமார், நான் பத்தாம் வகுப்பு. எங்கட பக்கம் மதகு ஒண்டும் இல்லை. எங்களைப் பள்ளிக்கூடம் ஏத்துற வான்காரர்தான். முன் சீற்றில என்னைத்தான் இருக்கச் சொல்லுவார், கியர் போடேக்க ஒவ்வொரு முறையும் கை படும். அம்மா இந்த மாதக் காசும் கட்டிப்போட்டா. அம்மாவுக்கு அவர் தம்பி முறை. எப்பிடிச் சொல்லுறது?

கொக்குவிலாள்:
தங்கச்சி, வான் நம்பரையோ ஊரையோ இதில எழுதாதேங்கோ. எனக்குத் தனிய எழுதுங்கோ, இப்பவே. நாளைக்கு முன் சீற்றில ஏறவேண்டாம், சத்தி வருது எண்டு சொல்லிப் பின்னுக்கு யன்னல் பக்கம் இருங்கோ. பின்னேரம் நான் வாறன், அம்மாவோட நான் கதைக்கிறன், நீங்கள் பக்கத்தில இருந்தால் காணும்.