ஒண்ணு போட்டா மூணு வருமாம்!

கொக்கிரகுளத்தான்:
"லாட்ஜ், மண்டபம், ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் பாய்லரக் கழட்டிட்டு ஹீட் பம்ப் மாட்டுங்க. ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் சூடு, கார்பனே கெடையாது"ன்னு நேத்து பணகுடி காத்தாடி அளந்துட்டுப் போயிருக்காரு. ஒண்ணு போட்டா மூணு வாரதுக்கு அது என்னவே, சீட்டுக் கம்பெனியா? பாய்லர் வேலையிலயே தலை நரச்சவன் கேக்கேன்.

பணகுடி காத்தாடி:
அண்ணாச்சி, அது சூட்ட உண்டாக்கல. வெளிக்காத்துல கெடக்க சூட்ட இழுத்து தண்ணியில விடுது. கரண்டு கம்ப்ரசர், ஃபேனுக்குத்தான். உங்க ரூம் ஏசி வெளிய தள்ளுதுல்லா சூடு, அதத் தண்ணிக்குத் திருப்பினா ஹீட் பம்ப். நம்ம ஊரு வெயிலுக்கு மூணுக்கு மேலயே வரும்.

கொக்கிரகுளத்தான்:
இப்ப மூணுக்கு மேலயா! சரி, அந்த ஒண்ணு எங்கருந்து வருது? தூத்துக்குடியில கரி எரிச்சு. புகைய இங்க விடாம அங்க விட்டா கார்பன் இல்லையோ?

முத்துநகரான்:
எதுக்கெடுத்தாலும் எங்க ஊரா? கூடங்குளத்துல 1000 மெகாவாட் உலை ரெண்டு ஓடுது, அது உங்க மாவட்டந்தான.

பணகுடி காத்தாடி:
கரி கரண்டையும் சேத்தே சொல்லுதேன். நாட்டுச் சராசரி யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மூணால வகுத்தா 0.24 கூட வராது. டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ, அதுல பத்து யூனிட் சூடு. பாய்லர்ல வீணாப் போறது போக, யூனிட்டுக்கு 0.33 வந்துரும். சாதா கீசர்தான் மோசம், ஒண்ணுக்கு ஒண்ணு. ஆடிக் காத்துல ராதாபுரம் பக்கம் காத்தாலை சுத்துதே, அதெல்லாம் கூடக் கூட இந்தக் கணக்கு இன்னும் எறங்கும்.

கொக்கிரகுளத்தான்:
டீசல யாருவே கேட்டா? இங்க எரிக்கது சீமைக்கருவேல வெறகு. வெட்டுனா திரும்ப மொளைக்கும். ஒம்ம மெஷின்ல கேஸ் ஒழுகினா? சூட்டச் சொமக்க உள்ள ஓடுத ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ போனா, ரெண்டாயிரம் கிலோ கார்பனுக்கு மேல விட்டதுக்குச் சமம். அத மூணால வகும் பாப்போம்!

பணகுடி காத்தாடி:
அந்த கேஸுக்குப் பதிலா புரொப்பேன் (ஆர்-290) அடைச்ச மெஷினும் இருக்கு, அது ஒழுகினா இம்புட்டு கார்பன் வராது. அந்தப் பேச்சே எடுக்க மாட்டீரு.

தென்காசி சாரல்:
குத்தாலத்துல சீசன் நேரம் எல்லா ரூமும் காலையில ஒரே நேரத்துல வெந்நி கேக்கும். ஹீட் பம்ப் மெதுவாத்தான் சூடாக்கும். டேங்க் பெருசா வேணும், வைக்க மாடியில எடம் வேணும். அத யாரும் பேசக் காணோம்.

கொக்கிரகுளத்தான்:
குத்தாலம் எங்க ஜில்லா, எங்களுக்குத் தெரியாததா?

தென்காசி சாரல்:
2019-லயே நாங்க தனி மாவட்டம். பேப்பர் படிக்கது இல்லையா?

கொக்கிரகுளத்தான்:
மாவட்டம் பிரிஞ்சா அருவி பிரிஞ்சிருமா? அத விடும். ஒண்ணு போட்டா மூணு எப்படி வரும்? அதுக்கு இன்னும் பதில் இல்ல.

முத்துநகரான்:
ரெண்டாவது பதிவே அதுதான் அண்ணாச்சி.

கொக்கிரகுளத்தான்:
நீரு கரிக்கு மட்டும் பதில் சொல்லும். காத்தாடி, மெஷினக் கொண்டாரும், மீட்டர் மாட்டிப் பாப்போம்.

பணகுடி காத்தாடி:
சோலார் ஹீட்டர் சண்டையில மாட்டினமே, அப்ப "கள்ள மீட்டர்"னு சொல்லிட்டுப் போனது யாரு?

கொக்கிரகுளத்தான்:
அது கள்ள மீட்டர்தான்வே.